ஒரு காது கேட்கவில்லை, ஆனால் இரைச்சல் நிற்கவில்லை: காக்ளியர் இம்பிளாண்ட் உதவுமா?

பெங்களூரு: ஒரு காதில் கேட்கும் திறனை முழுமையாக இழந்தவர்களை, "இன்னொரு காதுதான் நன்றாகக் கேட்கிறதே" என்று சுற்றியிருப்பவர்கள் தேற்றுவது வழக்கம். ஆனால் சில்க் போர்டு சந்திப்பு போன்ற நெரிசலான இடத்தில் சாலையைக் கடக்கும்போது, ஹாரன் ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை அவர்களால் கணிக்க இயலாது. இரு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. போதாக்குறைக்கு, கேட்காத அதே காதில் இரவு பகலாக ஒலிக்கும் இரைச்சல் பலரின் தூக்கத்தையும் பறிக்கிறது. மருத்துவத்தில் இது டின்னிடஸ் எனப்படுகிறது.

கேட்காத காதில் ஒலி எப்படி?

உள்காதில் நத்தை ஓடு போன்ற வடிவிலுள்ள காக்ளியா, ஒலி அதிர்வுகளை மின் சமிக்ஞைகளாக மாற்றிச் செவிநரம்பு வழியே மூளைக்கு அனுப்புகிறது. அந்த வரத்து நின்றுவிட்டால், குறைந்த சமிக்ஞையைப் பெருக்கிக் கேட்க மூளை முயல்கிறது என்பதும், அந்த முயற்சியில் எழும் நரம்புச் செயல்பாடே இரைச்சலாக உணரப்படுகிறது என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். வானொலியில் நிலையம் கிடைக்காதபோது ஒலியளவைக் கூட்டினால் இரைச்சல் மட்டும் பெருகுவதைப் போன்றது இது.

அப்படியானால், இழந்த வரத்தை மீண்டும் கொடுத்தால் இரைச்சல் குறையுமா? பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் பால் வான் டி ஹெய்னிங் தலைமையிலான மருத்துவர்கள் இதைச் சோதித்தனர். ஒரு காது கேளாமல், கடும் இரைச்சலால் அவதிப்பட்ட இருபதுக்கும் சற்று அதிகமானோருக்கு அந்தக் காதில் காக்ளியர் இம்பிளாண்ட் பொருத்தினர். 2008ஆம் ஆண்டு வெளியான முடிவுகளின்படி, 10க்கு சராசரியாக 8.5 என்றிருந்த இரைச்சலின் அளவு, 2 ஆண்டுகளுக்குப் பின் 2.5 ஆகக் குறைந்தது. மூவருக்கு இரைச்சல் முற்றிலும் மறைந்தது. கருவியை அணைத்தபோதோ அளவு மீண்டும் 6ஐத் தாண்டியது. அதாவது கருவி இரைச்சலை அடக்கி வைக்கிறதே தவிர, நோயை வேரோடு நீக்குவதில்லை.

கருவிகளில் வேறுபாடு

ஒரு பக்கச் செவித்திறன் இழப்புக்கு, எலும்பு வழியே ஒலி கடத்தும் கருவியும் 'கிராஸ்' வகை செவிக் கருவியும் உள்ளன. இவை கேட்காத பக்கத்து ஒலியை நல்ல காதுக்குக் கொண்டு செல்பவை. பழுதான காதின் நரம்பு தூண்டப்படுவதில்லை. காக்ளியர் இம்பிளாண்ட்டில், காதுக்குப் பின்னுள்ள ஒலிச் செயலி அனுப்பும் சமிக்ஞையைத் தோலுக்கடியில் உள்ள பகுதி பெற்று, காக்ளியாவுக்குள் செலுத்தப்பட்ட மின்முனைகள் மூலம் நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 120 பேரிடம் இம்மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியானது. திசையறிதல், இரைச்சல் குறைவு ஆகியவற்றில் காக்ளியர் இம்பிளாண்ட் முன்னிலை பெற்றது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., ஒரு பக்கச் செவித்திறன் இழப்புக்காக இக்கருவியை 2019 ஜூலையில் அங்கீகரித்தது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. செவிநரம்பு செயல்படும் நிலையில் இருக்க வேண்டும். அதை அறியவும், நரம்புக் கட்டி இல்லை என்பதை உறுதி செய்யவும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அவசியம். காது பல ஆண்டுகள் கேட்காமலேயே இருந்திருந்தால் பலன் குறையக்கூடும். தொடக்கத்தில் பேச்சு இயந்திரக் குரல் போலவே கேட்கும். நல்ல காதின் துணையின்றி, பொருத்திய காதை மட்டும் பயன்படுத்திப் பல மாதங்கள் பயிற்சி எடுக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் கருவியைக் கழற்றி வைத்துவிடுவதும் உண்டு.

பணமும் சட்டமும்

பெங்களூருவின் பெரிய மருத்துவமனைகளில் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சை நடைபெறுகிறது. மைசூருவில் மத்திய அரசின் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் பரிசோதனையும் பயிற்சியும் அளிக்கிறது. தடையாக நிற்பது செலவு. கருவியின் விலை மட்டுமே பல லட்சம் ரூபாய். மத்திய அரசின் 'அடிப்' திட்டம், கர்நாடகாவின் 'ஷ்ரவண சஞ்சீவினி' திட்டம், தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆகியவற்றில் காக்ளியர் இம்பிளாண்ட்டுக்கான உதவி இரு காதுகளும் கேளாத குழந்தைகளை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் செவித்திறன் குறைபாட்டை "இரு காதுகளிலும்" என்றே வரையறுக்கிறது. குறைந்தது 60 டெசிபல் இழப்பு இரு பக்கமும் இருக்க வேண்டும். ஒரு காது முழுமையாகக் கேளாதவர் இந்த வரையறைக்குள் வருவதே இல்லை. சாலையிலும் வகுப்பறையிலும் அவர் படும் பாடு சட்டத்தின் கணக்கில் சேரவில்லை என்பதே உண்மை.

திடீரென ஒரு காது அடைத்தால்

அறுவை சிகிச்சை வரை போகாமல் தடுக்கும் வாய்ப்பு சிலருக்கு இருக்கிறது. காலையில் எழும்போது ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால், அழுக்கு அடைத்திருக்கும், சளியாக இருக்கும் என்று நாள்களைக் கடத்தக் கூடாது. 72 மணி நேரத்துக்குள் ஏற்படும் இத்தகைய இழப்பு, அவசர சிகிச்சை தேவைப்படும் நிலை. ஸ்டீராய்டு மருந்துகளை முதல் 2 வாரங்களுக்குள், இயன்றவரை விரைவாகத் தொடங்கினால்தான் செவித்திறன் திரும்பும் வாய்ப்பு அதிகம். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அன்றே ஆடியோகிராம் எடுத்துத் தருமாறு கேட்கலாம். அந்தப் பரிசோதனைக்கு அரை மணி நேரம் போதும்.