ஊர் மாறினும் மாறாத வகுப்பு

வேலை தேடி வடக்கே வந்த தமிழர்களின் பெட்டியில் ஒரு காலத்தில் இரண்டு சான்றிதழ்கள் தவறாமல் இருந்தன. தட்டச்சில் தேறியதற்கு ஒன்று. சுருக்கெழுத்தில் தேறியதற்கு மற்றொன்று. பள்ளிப் படிப்போடு நின்றுவிட்டுத் தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறிய அவர்களுள் பலர், பகல் முழுதும் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்துவிட்டு, இரவில் தபாலில் வந்த பாடங்களைப் படித்துப் பட்டதாரிகள் ஆயினர். தில்லிப் பல்கலைக் கழகம் 1962-ஆம் ஆண்டில் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கிற்று. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 1985-இல் தோன்றியது. ஒட்டுப் போட்ட பழுப்புநிற உறையில் பாடங்கள் வந்து சேர்ந்த அந்நாட்களை நேயர்களுள் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்று கேட்கும் கேள்வி வேறு. கணிப்பொறித் துறையில் ஒரு பட்டத்தை வீட்டில் இருந்தபடியே பெற இயலுமா? இயலும் எனில், அது படிப்பாகுமா, அன்றி வெறும் தாளாகுமா? மாறுதல் உத்தரவு வரும் குடும்பங்களில் இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. இரண்டாம் ஆண்டு நடுவில் தகப்பனாருக்கு மாறுதல் வந்தால், பிள்ளையை விடுதியில் விட்டுச் செல்வதா, படிப்பை முறிப்பதா என்று தவித்த வீடுகளை நாம் அறிவோம். எனவே, இவ்வழியில் படித்தவர்கள் சொல்லக் கேட்டவற்றையும், சிறிது காலம் நாமே இறங்கிப் பார்த்து அறிந்தவற்றையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், நிரல் எழுதுதலிலும் தரவு அறிவியலிலும் இணையவழி இளநிலைப் பட்டப் படிப்பு ஒன்றை அறிவித்தது. கணிப்பொறி செய்ய வேண்டிய வேலையை அதற்குரிய மொழியில் படிப்படியாக எழுதித் தருவது நிரல். குவிந்து கிடக்கும் விவரங்களினின்றும் பொருள் காண்பது தரவு அறிவியல். 2022 முதல் இது நான்காண்டுப் பட்டமாகவும் விரிந்தது. இக்கழகத்தில் நுழைவதற்கு நாடெங்கும் பிள்ளைகள் கடும் போட்டித் தேர்வு எழுதுவதை யாவரும் அறிவர். இப்படிப்பிற்கோ வாயில் வேறு. பத்தாம் வகுப்பில் ஆங்கிலமும் கணிதமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பை எப்பிரிவில் தேறியவரும் விண்ணப்பிக்கலாம்; வயது வரம்பு இல்லை. நான்கு வாரம் பாடம் நடத்துகிறார்கள். ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணிப்பொறி வழிச் சிந்தனை ஆகிய நான்கு பாடங்களிலும் வாரந்தோறும் பயிற்சி எழுதி, உரிய மதிப்பெண் பெற்றவர்கள் ஒரு மண்டபத்தில் நேரில் அமர்ந்து தகுதித் தேர்வு எழுதுகிறார்கள். முன்பு கற்றதைச் சோதிப்பதினும், நான்கு வாரத்தில் கற்க வல்லவரா என்று சோதிப்பதே இதன் கருத்து. நமக்கு இது நியாயமாகவே படுகிறது.

அதன்பின் படிகள் உள்ளன. முதலில் எட்டுப் பாடங்கள் கொண்ட அடிப்படை நிலை. அதற்கு மேல் நிரல் எழுதுதலில் ஒன்றும் தரவு அறிவியலில் ஒன்றுமாக இரண்டு பட்டயங்கள். அதற்கும் மேல் பட்டம். எந்தப் படியில் இறங்கினாலும் அதற்குரிய சான்றிதழ் கையில் இருக்கும். ஆண்டுக்கு மூன்று பருவங்கள். பருவத்திற்கு இத்தனை பாடம் என்று மாணாக்கரே தெரிந்தெடுத்து, அவற்றிற்கு மட்டும் கட்டணம் செலுத்தலாம். குடும்ப வருமானத்தையும் வகுப்பையும் பொறுத்துச் சலுகையும் உண்டு. முழுப் படிப்பையும் எட்டு ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும்.

கலைப் பிரிவில் பட்டம் பெற்று, மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டு, நாற்பதைக் கடந்த பின்னர் நாமும் இத்தகுதித் தேர்வுக்குப் பதிவு செய்துகொண்டோம். கணிப்பொறி வழிச் சிந்தனை என்ற பாடத்தைத்தான் மிகவும் அஞ்சினோம். ஆனால் அது கணிப்பொறியே இல்லாமல் தொடங்கிற்று. மாணவர் மதிப்பெண்களும் கடைச் சீட்டுகளும் எழுதிய அட்டைகளை அடுக்கி வைக்கிறார்கள். எண்ணிக்கை என்று ஒரு பெயர் வைத்து, அதன் மதிப்பைச் சுழி என்று குறித்துக் கொள்கிறார்கள். முதல் அடுக்கிலிருந்து ஓர் அட்டையை எடு. கணிதத்தில் அறுபதுக்கு மேல் இருந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு. அட்டையை இரண்டாம் அடுக்கில் வை. முதல் அடுக்கு தீரும்வரை இதையே செய். அவ்வளவுதான்! ரேஷன் கடையில் அட்டை சரிபார்ப்பவர் செய்வதும் இதுவே. பின்னால் பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில் நிரல் எழுதும்போது, இந்த அட்டை அடுக்குதான் வேறு உடையில் வந்து நிற்கிறது.

மொழிபெயர்ப்பாளனுக்கு அதில் ஒரு பாடம் இருந்தது. நாம் ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டால் படிப்பவர் கருத்தை ஊகித்துக் கொள்வார். மேலதிகாரி சிவப்பு மையால் சுழித்து அனுப்புவார். கணிப்பொறி ஊகிப்பதில்லை. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடத்திற்கும் பொருள் உண்டு. அது பிசகினால் நிரல் நின்றுவிடும். இருபது ஆண்டுக் காலம் சொற்களோடு பழகிய நாம், ஒரு வெற்றிடத்தைத் தேடி ஒரு மாலைப் பொழுதைக் கழித்தோம். கண்டுபிடித்தபோது உண்டான மகிழ்ச்சியை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

தகுதித் தேர்வில் தேறினோம். இரண்டாம் பருவத்தில் நின்றுவிட்டோம். நாடாளுமன்றக் கூட்டத் தொடர் நடக்கும் வாரங்களில் எமது அலுவலகத்தில் பொழுது சாய்வதே தெரியாது. ஒரு வாரப் பயிற்சி தவறியது. அடுத்த வாரம் இரண்டு வாரப் பாடம் சேர்ந்தது. மூன்றாம் வாரம் பாடப் பக்கத்தைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. பாடம் கடினமானதால் விட்டவர்களைக் காட்டிலும், இவ்வாறு கூசி விட்டவர்களையே நாம் மிகுதியாகச் சந்தித்திருக்கிறோம். கல்லூரியில் ஒரு வாரம் வராத மாணவனை ஆசிரியர் பார்த்துக் கேட்பார். தோழன் குறிப்பேட்டைக் கொடுப்பான். இங்கே ஐயம் கேட்பதற்கு நேரடி இணைய வகுப்புகளும் உதவி ஆசிரியர்களும் இருப்பது உண்மை. ஆனால் முதல் அடியை மாணாக்கர்தாம் எடுத்து வைக்க வேண்டும். வாயில் அகலமாகத் திறந்திருக்கிறது; வாரந்தோறும் அதில் நுழைவது தம் பொறுப்பு.

இதற்கு மாறாக ஒரு பெண்ணைச் சொல்ல வேண்டும். தகப்பனார் ரயில்வேயில் பணிபுரிபவர். அப்பெண் பத்தாம் வகுப்பை நாக்பூரிலும் பன்னிரண்டாம் வகுப்பைச் சத்தீஸ்கரில் ஒரு சந்திப்பு நிலைய ஊரிலும் முடித்தவள். குடியிருப்பு இரண்டே அறைகள். விடியற்காலை நான்கரை மணி முதல் ஆறரை வரை சமையலறை அவளுடையது என்று வீட்டில் பேசி முடிவு செய்தார்கள். பாடத்தைக் கைபேசியில் கேட்கலாமே அன்றி நிரலைக் கைபேசியில் எழுதுவது பெரும் துன்பம் என்று இரண்டு வாரத்தில் தெரிந்தது. பழைய மடிக்கணிப்பொறி ஒன்றைத் தவணையில் வாங்கினார்கள். ஆங்கிலப் பேச்சு முதலில் ஓடிப் போயிற்றாம். நிறுத்தி நிறுத்தி, ஒரே பகுதியை நான்கு முறையும் கேட்டாள். வகுப்பறையில் ஆசிரியரை நான்கு முறை சொல்லச் சொல்ல முடியுமா என்று அவள் நம்மைக் கேட்டபோது, நமக்கு விடை கூற இயலவில்லை.

பருவத்திற்கு இரண்டு சிறு தேர்வுகளும் ஓர் இறுதித் தேர்வும் நடைபெறுகின்றன, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, நேரில் சென்று எழுதுபவை. தகப்பனும் மகளும் முதல்நாள் இரவே இராய்ப்பூருக்கு ரயிலேறி விடுவார்கள். வாரப் பயிற்சிகளை மட்டும் கண்டு இப்படிப்பை எளிதென்று எண்ணுவோர் இந்த ஞாயிற்றுக்கிழமைகளைக் கருத வேண்டும். கேட்டதற்கெல்லாம் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று எல்லார் கையிலும் உள்ளன. அவற்றைக் கொண்டு பயிற்சியை நிரப்பியவன் மண்டபத்தில் வெறும் கையோடு அமர்கிறான். அத்தகைய இளைஞர் ஒருவரை அறிவோம்: வாரப் பயிற்சிகளில் ஏறத்தாழ முழு மதிப்பெண், முதல் தேர்வில் கேள்வியே விளங்கவில்லை. அவர் அடுத்த பருவத்தில் அதே பாடத்திற்கு மீண்டும் கட்டணம் செலுத்தி, தம் கையாலேயே எழுதித் தேறினார்.

தமிழர்களுக்கே உரிய தொல்லை ஒன்றும் இங்கே உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனார் பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கிறது. பள்ளிச் சான்றிதழில் முதலெழுத்து முன்னே இருக்கும்; ஆதாரில் தகப்பனார் பெயர் விரிந்து பின்னே நிற்கும்; விண்ணப்பமோ குடும்பப் பெயர் யாது என்று கேட்கும். ஒரு தேர்வு நிலையத்தில், நுழைவுச் சீட்டில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் வேறு வேறு ஆட்கள் என்று வாயிற்காவலர் வாதிட்டதால், நமக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் கால் மணி நேரத்தை வெளியே இழந்தார். விண்ணப்பிக்கும் முன்னரே எல்லாத் தாள்களிலும் பெயரை ஒருபடித்தாக்கிக் கொள்வது நலம். கட்டணச் சலுகை வேண்டுவோர் வருமானச் சான்றையும் சாதிச் சான்றையும் முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். சொந்த ஊர்த் தாலுகா அலுவலகத்தில் தகப்பனாருக்கு வழங்கிய சான்று கைவசம் இருந்தால், வெளிமாநிலத்தில் வேலை சற்று எளிதாக முடியும்.

தாய்மார்களின் கவலை வேறு வகை. மகன் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுதும் திரையைப் பார்க்கிறானே, இது படிப்பா விளையாட்டா என்று எப்படி அறிவது? தோழர்கள் இல்லையே என்பதும் அக்கவலையில் அடங்கும். மாணாக்கர்களைக் காடுகளின் பெயர் சூட்டிய இல்லங்களாகக் கழகம் பிரித்திருக்கிறது. அவற்றுள் நீலகிரியும் பிச்சாவரமும் உண்டு. ஆண்டு விழாவுக்குச் சென்னை வளாகத்திற்குச் சென்று வந்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது முகம் மலர்கிறது. ஆயினும் நான்காண்டு ஒரே கல்லூரியில் கழிப்பதற்கு அது ஈடாகும் என்று நாம் கூற மாட்டோம். நாடகமேடை, விளையாட்டுத் திடல், தேநீர்க் கடையில் நடக்கும் விவாதம் இவையெல்லாம் இழப்பே. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அருகில் நல்ல கல்லூரி கிடைக்குமானால் அதையும் விடாமலிருப்பது நன்று. 2022 ஏப்ரல் முதல், நேரில் ஒரு பட்டமும் இணையவழியில் ஒரு பட்டமும் ஒரே காலத்தில் படிக்கப் பல்கலைக் கழக மானியக் குழு இடம் தந்துள்ளது. தில்லியில் வணிகவியல் படித்துக்கொண்டே இப்படிப்பிலும் சேர்ந்த இளைஞர் ஒருவர், முதலில் பருவத்திற்கு நான்கு பாடம் எடுத்து மூச்சுத் திணறினார். இரண்டாகக் குறைத்த பின்னரே இரண்டு படிப்பும் நிலைத்தன.

இனி, பட்டம் செல்லுமா என்னும் கேள்விக்கு வருவோம். இதில் சற்றும் அயரலாகாது. சில நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் உரிய அனுமதியின்றி அஞ்சல் வழியில் பொறியியல் பட்டங்களை வழங்கின. 2017 நவம்பர் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தோர் தேர்வொன்றில் தேறினாலன்றிப் பட்டத்தின் பயனைப் பெற முடியாதென்றாயிற்று. பிறகு சேர்ந்தோரின் பட்டங்கள் செல்லாவாயின. உத்தியோகத்தில் உயர்ந்தவர்களும் அதில் அகப்பட்டனர். ஆகவே, இணையவழியில் பொறியியல் பட்டம் தருவதாக யாரேனும் விளம்பரம் செய்தால் விலகிச் செல்க; மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிகள் அதற்கு இடம் தரவில்லை. கணிப்பொறிப் பயன்பாட்டியல் போன்ற பட்டங்களுக்கு இடம் உண்டு. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழங்கினால் அவை கல்லூரிப் பட்டத்திற்கு நிகர் என்று குழு 2022 செப்டம்பரில் மீண்டும் தெளிவாக்கியது. எந்த நிறுவனத்திற்கு எப்படிப்புக்கு எந்த ஆண்டுக்கு அனுமதி என்பதைக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். முகவர் சொல்லை நம்பலாகாது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களோ 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தாமே பட்டம் வழங்கும் உரிமை உடையவை.

சட்டம் நிகர் என்றாலும், வேலை கொடுப்போர் அனைவரும் உடனே அவ்வாறு கருதுவதில்லை. முன்னர்க் கூறிய தில்லி இளைஞரை ஒரு தனியார் நிறுவனத்தில், ரெகுலரா என்றுதான் முதலில் கேட்டார்கள். இல்லை என்றார். பிறகு ஒரு கணக்கைக் கொடுத்து, நிரல் எழுதச் சொன்னார்கள். எழுதினார். எதிர்பார்த்ததினும் குறைந்த சம்பளத்தில் பயிற்சிப் பணி கிடைத்தது. அதை அவர் ஏற்றுக்கொண்டார். படிப்புக் காலத்தில் தாம் செய்த மூன்று செயல்முறை வேலைகளைக் காட்டியதே தமக்குத் துணை நின்றது என்கிறார்.

ரயில்வே ஊழியரின் மகள் இப்போது இரண்டு பட்டயங்களையும் முடித்துவிட்டாள்; பட்ட நிலைப் பாடங்கள் நடந்து வருகின்றன. சென்ற மாதம் தகப்பனாருக்கு மீண்டும் மாறுதல் உத்தரவு வந்தது, இம்முறை ஒடிசாவுக்கு. பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த தாயார், உன் படிப்பு என்னவாகும் என்று வழக்கம் போல் கேட்டாராம். அவள் மடிக்கணிப்பொறியைத் திறந்து, அடுத்த பருவத்துத் தேர்வு ஊர் என்ற இடத்தில் இராய்ப்பூரை எடுத்துவிட்டுப் புவனேசுவரத்தைக் குறித்தாள். புதிய வீட்டில் சமையலறைக்குக் கதவு உண்டா என்பது ஒன்றுதான் அவள் தகப்பனாரிடம் கேட்டது.