நடுவயதில் நெடுவழிச் செலவு

மக்கள் வாழ்நாளை இளமை, நடுவயது, முதுமை என மூன்று கூறாகப் பகுத்துரைத்தல் வழக்கு. இளமைக்கு ஆட்டமும் ஓட்டமும், முதுமைக்கு ஓய்வும் உரியனவென எல்லாரும் ஒருப்படக் கூறுவர். இடைநின்ற நடுவயதிற்கு உரியது யாதென வினவின், குடும்பப் பாரமும் அலுவற் பாரமும் என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். நாற்பதைக் கடந்த ஒருவர் சைக்கிள்மீதேறி நெடுந்தூரஞ் செல்லப் புகுந்தால், ‘இவருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?’ என அண்டை அயலார் நகைப்பர். ஆயினும், பிரிட்டன் முதலிய நாடுகளில் நாற்பதும் ஐம்பதும் அறுபதும் கடந்த ஆடவரும் மகளிரும் ஆண்டுதோறும் பல நூறு மைல் சைக்கிளிற் சென்று, அச்செலவின் பெயரால் உற்றாரிடமும் நண்பரிடமும் பொருள் திரட்டி, மருத்துவமனைகளுக்கும் நோயாராய்ச்சி நிலையங்களுக்கும் அளித்துவருகின்றனர். இம்முயற்சி எத்தன்மைத்து, நடுவயதின் உடல் அதனை எங்ஙனம் தாங்கும், திரட்டிய பொருள் எங்ஙனம் போற்றப்படல் வேண்டும் என்பனவற்றை ஈண்டு ஒருவாறு விளக்குவோம்.

சைக்கிள் இளைஞர்க்கே உரிய ஊர்தி என்னும் எண்ணம் அதன் வரலாற்றோடு பொருந்துவதன்று. 1817-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய கார்ல் டிரைஸ் என்பார் பெடல் இல்லாததொரு இருசக்கர வண்டியைச் செய்து, காலால் நிலத்தை உந்திச் சென்றார். 1885-ஆம் ஆண்டில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்னும் ஆங்கிலேயர், பின்சக்கரஞ் செயினால் இயங்கும் ‘ரோவர்’ வண்டியை வெளியிட்டார். இன்று நாம் காணும் சைக்கிளின் உருவம் அதுவே. எனினும், அதன் கெட்டி ரப்பர்ச் சக்கரங்கள் எலும்பெல்லாம் அதிரச் செய்தன. அவ்வதிர்ச்சியை நீக்கக் காற்றடைத்த டயரை வழக்கிற் கொணர்ந்தவர், பெல்பாஸ்ட் நகரிற் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப். 1888-ஆம் ஆண்டில் அவர் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றபொழுது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. நெடுவழிச் செலவை இயலுவதாக்கிய டயர் ஒரு நடுவயதினரின் கொடை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, வழியைப் பற்றிக் கூறுவோம். இத்தகைய செலவுகளுட் பெயர்பெற்றது, பிரிட்டன் தீவின் தென்மேற்குக் கோடியிலுள்ள லாண்ட்ஸ் எண்ட் முனையினின்றும் வடகிழக்குக் கோடியிலுள்ள ஜான் ஓ குரோட்ஸ் என்னுஞ் சிற்றூர்வரை செல்வதாகும். பறவை பறக்கும் நேர்கோட்டில் இத்தூரம் 603 மைல். சாலைவழியே செல்வோர்க்கு 874 மைல், அஃதாவது 1407 கிலோமீட்டர் என்பது தொன்றுதொட்டுச் சொல்லப்படுங் கணக்கு. 1886-ஆம் ஆண்டில் ஜி. பி. மில்ஸ் என்னும் பத்தொன்பது வயது இளைஞர், முன்சக்கரம் மிகப் பெரிதும் பின்சக்கரம் மிகச் சிறிதுமான பழைய வண்டியில் இதனை 5 நாள் 1 மணி 45 நிமிடத்திற் கடந்தார். 2018-ஆம் ஆண்டில் மைக்கேல் பிராட்வித் என்னுங் கணித ஆசிரியர் 43 மணி 25 நிமிடத்திற் கடந்து, அதுவரையிருந்த சாதனையை முறியடித்தார். கழுத்துத் தசைகள் தளர்ந்து தலை தாழ, ஒரு கையால் மோவாயைத் தாங்கிக்கொண்டே அவர் இறுதிப் பகுதியைக் கடந்தனர் என்பர்.

இவையெல்லாம் வீரர் செயல். அறத்தின் பொருட்டுச் செல்வோர் இத்துணை விரையவேண்டுவதில்லை. அவருட் பலர் பத்து முதற் பதினான்கு நாள்வரை எடுத்துக்கொள்கின்றனர். 1407 கிலோமீட்டரைப் பதினான்கு நாட்குப் பகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆகும். மணிக்கு 18 கிலோமீட்டர் வீதஞ் செல்வோர்க்கு இது ஐந்தரை மணி நேரத்து வேலை. காலை உணவு உண்டு புறப்பட்டு, வழியில் இருமுறை இளைப்பாறி, மாலை தேநீர் வேளைக்குள் தங்குமிடஞ் சேரலாம். 874 மைல் என்றவுடன் அஞ்சிய நெஞ்சம், அதனைக் கூறுபடுத்திக் காட்டியவுடன் ‘இவ்வளவுதானா?’ என்கின்றது.

ஆயினும், அக்கணக்கில் மலை அடங்கவில்லை. அந்நாட்டிற் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தே காற்று வீசுதலால், அது முதுகிற் பட்டு உந்துதற்பொருட்டுத் தெற்கினின்றும் வடக்கு நோக்கிச் செல்வாரே மிகுதி. அங்ஙனஞ் செல்வோரை முதல் நாளிலேயே கார்ன்வால், டெவன் மாவட்டங்களின் மேடுகள் எதிர்கொள்ளும். அவை உயரத்தாற் சிறியன, செங்குத்தாற் கொடியன. ஒன்றிலேறி மூச்சு வாங்குமுன் மற்றொன்று தோன்றும். பின்னர் வடஇங்கிலாந்தின் ஷாப் மேடும், ஸ்காட்லாந்தில் ஏறக்குறைய 1500 அடி உயரத்திலுள்ள டிரமோக்டர் கணவாயும் குறுக்கிடும். ஆனால் இவை நீண்டு மெல்ல உயர்வன. நாளும் மிதித்துப் பழகிய கால்கட்கு இவை அத்துணைத் துன்பஞ் செய்வனவல்ல. தொடக்கத்திலேயே இடர் மிகுதலின், ஆயத்தமின்றி வந்தோர் முதன் மூன்று நாளிலேயே மனந்தளர்தல் உண்டு.

நடுவயதின் உடல் எத்தகையது? முப்பதைக் கடந்தபின், பயிற்சியில்லாதார் உடல் பிராணவாயுவைக் கொள்ளும் ஆற்றல் பத்தாண்டிற்கு நூற்றுக்குப் பத்து விழுக்காடு குறைகின்றதென உடலியல் வல்லார் பொதுவாகக் கணிப்பர். இடையறாது பயில்வார்க்கு அக்குறைவு ஏறத்தாழப் பாதியளவிற்றே. இதயந் துடிக்கக்கூடிய உச்ச வேகமும் ஆண்டோடு குறையும். 220-இல் வயதைக் கழித்து வருவதே அவ்வுச்சம் என்பது தோராயமான விதி. ஐம்பது வயதினர்க்கு அது 170 ஆகும். தசைகள் மெலியும். களைப்பு நீங்க முன்னினும் நாள் மிகுதியாக வேண்டும். ஆயினும், பயிற்சியால் உடல் திருந்தும் இயல்பு எவ்வயதிலும் முற்றும் ஒழிவதில்லை. பிரான்சு நாட்டு ராபர்ட் மார்ஷான் என்பவர் தம் நூறாம் வயதில், 2012-ஆம் ஆண்டில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் சைக்கிள் செலுத்தினார். ஈராண்டு கழித்து, 102-ஆம் வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் சென்றார். முறையான பயிற்சியால் அவரது பிராணவாயு கொள்ளும் ஆற்றல் உயர்ந்திருந்ததென ஆராய்ச்சியாளர் அளந்து கண்டனர். நூறு வயதில் இயன்றது ஐம்பதில் இயலாதென்பது பொருந்துமோ?

எனினும், முதலிற் செய்யவேண்டுவது வண்டி வாங்குதலன்று, மருத்துவரைக் காண்டலேயாம். முப்பத்தைந்து வயதிற்கு மேற்பட்டோர் கடும் உழைப்பினிடையே திடீரென மாளுதற்குத் தலையாய காரணம் இதய நாளங்களில் ஏற்பட்ட அடைப்பு. அது பல்லாண்டு அறிகுறியின்றி மறைந்திருத்தல் கூடும். ஆதலின் இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் இவற்றைச் சோதித்த பின்னரே பயிற்சி தொடங்கல் வேண்டும். வழியில் நெஞ்சு வலித்தாலும், கண் இருண்டாலும், என்றுமில்லா மூச்சுத்திணறல் தோன்றினாலும், அக்கணமே இறங்கிவிடல் வேண்டும். ‘இத்துணைப் பேர் என்பொருட்டுப் பொருள் கொடுத்தனரே, யான் இடையில் நின்றால் என்னாவது?’ என்னும் நாணமே நடுவயதினர்க்குப் பெரும்பகை. கொடுத்தவர் எவரும் உயிரைக் கேட்டிலர். உடல்நலங் கருதி நிற்க நேரினும் கொடை கொடையாகவே சென்று சேரும் என்பதைப் பொருள் பெறும்பொழுதே யாவர்க்கும் சொல்லிவைத்தல் அறிவுடைமை.

பயிற்சிக்கு நான்கு அல்லது ஐந்து திங்கள் வேண்டும். முதல் வாரத்தில் ஐந்து மைல் செல்லினும் போதும். பின்னர் வாரந்தோறும் முன்னளவிற் பத்திலொரு பங்குபோற் கூட்டிக்கொண்டு, நான்கு வாரத்திற்கு ஒருமுறை சிறிது குறைத்து, உடலை ஆறவிடல் வேண்டும். ஒரே நாளில் நெடுந்தூரஞ் செல்லுதலினும், அடுத்தடுத்த இருநாளிலும் நடுத்தூரஞ் செல்லுதலே சிறந்த பயிற்சி. முதனாட் களைப்போடு இரண்டாம்நாட் காலையில் மீண்டும் சீட்டில் ஏறியமரும் பழக்கமே பதினான்கு நாட்செலவின் உயிர்நாடி.

வண்டியில் ஒருவர் கருதவேண்டுவன மூன்று. முதலாவது, அளவு. சீட்டு மிகத் தாழ்ந்திருப்பின் முழங்கால் நோகும். ஹாண்டில் பார் மிக எட்டத்தில் இருப்பின் முதுகும் கழுத்தும் நோகும். உள்ளங்கையை இடைவிடாது அழுத்தினால் சுண்டுவிரல் மரத்துப்போம். இரண்டாவது, கியர். முன்புறத்து 34 பல்லுடைய சக்கரத்தையும் பின்புறத்து 34 பல்லுடைய சக்கரத்தையும் செயினால் இணைத்தால், பெடல் ஒருமுறை சுற்றச் சக்கரமும் ஒருமுறையே சுற்றி, வண்டி ஏறக்குறைய இரண்டேகால் கஜந்தான் நகரும். மேட்டிலேறுதற்கு இத்தகைய மெல்லிய கியரே நடுவயது முழங்காலின் நண்பன். இளைஞர் அதனைக் கண்டு நகைப்பின் நகைக்கட்டும். மூன்றாவது, பஞ்சர் ஒட்டவும் ட்யூப் மாற்றவும் தாமே அறிந்திருத்தல். மழை பெய்யும் மேட்டுச் சாலையில் கடை தேடிச் செல்லல் இயலாது.

உணவைப் பற்றியும் ஒரு சொல். உடலிற் சேர்த்துவைத்த மாவுச்சத்து இரண்டு மூன்று மணி நேரக் கடும் உழைப்பில் தீர்ந்துபோம். தீர்ந்தவுடன் கைகால் நடுங்கி, மனமும் இருளும். ஆதலின் பசி தோன்றுமுன்னரே மணிக்கொருமுறை வாழைப்பழமோ ரொட்டியோ உண்ணல் வேண்டும். பசித்தபின் உண்பது நெடுவழிக்கு ஏலாது.

இதுகாறுங் கூறியது காலின் கணக்கு. இனிக் கூறுவது காசின் கணக்கு. தமிழிற் ‘செலவு’ என்னுஞ் சொல் பயணத்தையும் பொருள் கழிதலையும் ஒருங்கே குறிக்கும். அறத்தின் பொருட்டுச் செல்வோர் இவ்விரு செலவையும் தனித்தனியே வைத்தல் வேண்டும். இம்முயற்சியில் இருவகை உண்டு. தங்கும் விடுதி, உணவு, துணைவண்டி ஆகியவற்றிற்குத் தம் கைப்பொருளையே கொடுத்து, பிறர் அளித்ததை முழுதும் அறநிலையத்திற்குச் சேர்ப்பது ஒன்று. குறித்த தொகை திரட்டித் தருவதாக உடன்பட்டு, அதிலொரு பகுதியைச் செல்வோர் செலவிற்கே கழித்துக்கொள்வது மற்றொன்று. இரண்டாவது தவறென்று நாம் கூறோம். ஆனால் கழிப்பது எவ்வளவென்று கொடுப்போர்க்கு முன்னரே தெரிவித்தல் கடமை. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம்மவர் பழமொழி. பிறர் பொருளாயின் இருமுறை அளத்தல் வேண்டும். பிரிட்டனில் ‘கிப்ட் எயிட்’ என்னும் ஏற்பாட்டின்படி, வரி செலுத்துவோர் ஒரு பவுன் அளித்தால் அரசு 25 பென்ஸ் சேர்த்து அறநிலையத்திற்கு அளிக்கும். இதற்குச் சிறு படிவத்தை நிரப்பினால் போதும். படிவத்தை மறந்தவர் நோயாளிக்குரிய ஐந்திலொரு பங்கை இழந்தவராவர்.

நேர்மையான கணக்கு எத்துணை வளரும் என்பதற்கு, அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு சான்று தருவோம். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், புற்றுநோயால் தாயை இழந்த பில்லி ஸ்டார் என்பவர் 1980-ஆம் ஆண்டில் 36 பேரோடு சைக்கிளிற் சென்று, பத்தாயிரம் டாலருக்குச் சற்று மேற்படத் திரட்டிப் பாஸ்டன் நகரத்துப் புற்றுநோய் நிலையமொன்றிற்கு அளித்தார். ‘பான்-மாஸ் சாலஞ்ச்’ எனப்படும் அச்செலவு ஆண்டுதோறும் தொடர்ந்து, 2024-ஆம் ஆண்டளவில் திரட்டிய மொத்தம் நூறு கோடி டாலரைக் கடந்தது. செல்வோர் திரட்டும் ஒவ்வொரு டாலரும் பிடித்தமின்றி நிலையத்தைச் சேரும் என்பது அவர்தம் விதி.

‘நோயாளிக்கு உதவ விரும்பின் பணத்தை நேரே அளித்தலாகாதோ? ஒருவர் தொடை நோக மிதித்தலால் மற்றொருவர் நோய் தீருமோ?’ என வினவுவாரும் உளர். நியாயமான வினாவே. மிதித்தல் மருந்தாகாது என்பது மெய். ஆயின், வெறுங்கையோடு சென்று கேட்பதினும், தம் உழைப்பை ஈடாக வைத்துக் கேட்பவரின் சொல் பிறர் உள்ளத்திற் பதியும். மேலும், ஐம்பதை எட்டியவர் பெரும்பாலும் ஒரு நோய்ப் படுக்கையின் அருகில் நின்றவராகவே இருப்பர். தாயோ தந்தையோ உடன்பயின்ற தோழரோ அப்படுக்கையிற் கிடந்திருப்பர். அங்கே ஒன்றுஞ் செய்ய இயலாது நின்ற கைகளுக்குப் பின்னர்ச் செய்ய ஏதேனும் வேண்டியிருக்கின்றது. அத்துயரத்தை நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டராகப் பகுத்துச் சுமத்தல் ஒரு வழி. முப்பதாண்டு வாழ்க்கையிற் சேர்ந்த நட்பும் நம்பிக்கையும் அப்பொழுது பொருளாக மாறுகின்றன. இருபது வயதினர்க்குக் கால்வலி மிகுதி, எனினும் இம்முதல் அவரிடம் இல்லை.

இக்கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று அவ்வயதினர். அவரெல்லாம் 874 மைல் செல்க என நாம் கூறவில்லை. மருத்துவரைக் கண்டு, பழைய வண்டியின் தூசி தட்டி, டயருக்குக் காற்றடித்து, இவ்வாரம் ஐந்து மைல் செல்லலாம். அடுத்த வாரம் ஐந்தரை. எவர்பொருட்டுச் செல்கின்றோம் என்பதைப் புறப்படுமுன் ஒரு தாளில் எழுதி, அதன் கீழே வரவையும் செலவையும் குறித்துவரல் வேண்டும். வழி நீண்டதாயினும் பெடல் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டர் செல்லுமெனக் கொண்டால், தீவின் கோடியினின்றும் கோடி செல்ல ஏறக்குறைய 2,80,000 சுற்றுக்களே வேண்டும். அவற்றுள் எதுவும் மற்றொன்றினும் பெரிதன்று.