மார்க் ஏறலையா? தப்புக் கணக்கு எழுதுங்க!

முதல் மாக் டெஸ்ட்டில் 58 சதவீதம். ரெண்டாவதில் 61. மூணாவதில் மறுபடி 60! ‘ராத்திரி பகலா படிச்சும் மார்க் அசைய மாட்டேங்குதே’ என்று நொந்துபோய், நாலாவது டெஸ்ட்டைத் திறக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்... நில்லுங்க!

நாம பேசுறது சி.ஏ.பி.எம். தேர்வைப் பத்தி. 1969-ல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்ட ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் நடத்துற தேர்வு இது. இதன் அண்ணன் பி.எம்.பி.க்கு வருஷக்கணக்கில் வேலை அனுபவம் வேணும். இதுக்கு அது தேவையில்லை. ப்ளஸ் டூ முடிச்சு, 23 மணி நேர ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் வகுப்பும் படிச்சிருந்தா போதும். அதனால்தான் கல்லூரி மாணவர்களுக்கு இதில் இவ்வளவு ஆர்வம். ஆனா ஃபீஸ் டாலரில்! விண்ணப்பம் ஓகே ஆன ஒரு வருஷத்துக்குள் மூணு முறை எழுதலாம். ஒவ்வொரு முறையும் திரும்பப் பணம் கட்டணும். அப்பாகிட்ட ரெண்டாவது தடவை போய் நிற்கிற நிலைமை வேண்டாமே!

சரி, மார்க் ஏன் ஏறலை? நாம டெஸ்ட் எழுதுறோம், மார்க் பார்க்கிறோம், அடுத்த டெஸ்ட்டுக்குப் போயிடுறோம். தப்பான கேள்விகள் அப்படியே கிடக்கு!

காரைக்குடிக்காரங்களுக்கு இது புதுசா சொல்ல வேண்டிய விஷயமே இல்லை. ஒரு காலத்தில் பர்மா, மலாயா, இலங்கையில் இருந்த நகரத்தார் கடைகளுக்குப் பெட்டியடிப் பையனா போனவர், கூடவே இருந்து கணக்கு எழுதித்தான் தொழில் கத்துக்கிட்டார். பேரேட்டில் ஆள் ஆளுக்குத் தனிப் பக்கம். கடைசியில் எல்லாத்தையும் தொகுத்துப் பார்க்கிற ஐந்தொகை. பணம் எங்கே போச்சுன்னு அதில் தெரிஞ்சுடும். உங்க மார்க் எங்கே போச்சுன்னு தெரிய, நீங்களும் ஒரு நோட்டு போடுங்க. அதில் நாலு பக்கம்.

முதல் பக்கம்: தெரியாத தப்பு

ப்ராஜெக்ட்டுக்கும் தினசரி நடக்கும் வேலைக்கும் என்ன வித்தியாசம்? வரையறையை மனப்பாடம் செஞ்சவங்களும் கேள்வியில் சறுக்குவாங்க. நம்ம ‘செக்ரி’யை நினைச்சுக்கோங்க. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். ஆரம்பம் உண்டு, முடிவு உண்டு. அந்தக் கட்டுமானம் ஒரு ப்ராஜெக்ட். இன்னைக்கு அங்கே ஆபீஸும் கேன்டீனும் தினமும் நடக்குதே, அது ஆபரேஷன்ஸ். இப்படி உங்க ஊர் உதாரணத்தோடு எழுதி வெச்சா மறக்காது.

ரெண்டாம் பக்கம்: அவசரத் தப்பு

‘வேலை பாதியில் இருக்கும்போது வாடிக்கையாளர் ஒரு மாற்றம் கேட்கிறார். மேனேஜர் ஃபர்ஸ்ட் என்ன செய்யணும்?’ நாலு பதிலுமே சரி மாதிரி தெரியும். ‘மாற்றத்தை அனுமதிக்கும் குழுவுக்கு அனுப்பு’ன்னு டிக் அடிச்சிருப்பீங்க. அதுவும் செய்ய வேண்டியதுதான். ஆனா முதல்ல, அந்த மாற்றத்தால் நேரமும் செலவும் எவ்வளவு பாதிக்கும்னு கணக்குப் பார்க்கணும். கேள்வி கேட்டது ‘ஃபர்ஸ்ட்’. ஃபர்ஸ்ட், நெக்ஸ்ட், பெஸ்ட், எக்ஸெப்ட் — இந்த நாலு வார்த்தையைப் பார்த்தா பிரேக் போடுங்க.

மூணாம் பக்கம்: கணக்குத் தப்பு

ஒரு வீட்டில் பத்து அறைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்கணும். நாளுக்கு ஒரு அறை, அறைக்கு 10,000 ரூபாய். இது திட்டம். அஞ்சாம் நாள் சாயங்காலம் நாலு அறைதான் முடிஞ்சிருக்கு. செலவு 32,000. முடிஞ்ச வேலையின் மதிப்பு 40,000. அதில் திட்டப்படி முடிஞ்சிருக்க வேண்டிய 50,000-ஐக் கழிச்சா மைனஸ் 10,000, வேலை பின்தங்கியிருக்கு. அதே 40,000-இல் செலவைக் கழிச்சா ப்ளஸ் 8,000, பணம் மிச்சம். ரெண்டு கணக்கும் முடிஞ்ச வேலையில்தான் ஆரம்பிக்குது, கவனிச்சீங்களா? இதைப் புரிஞ்சுக்கிட்டா ஃபார்முலா குழப்பமே வராது.

நாலாம் பக்கம்: அதிர்ஷ்ட மார்க்

குருட்டாம்போக்கில் அடிச்சு ரைட் ஆன கேள்விகள். எல்லாரும் விட்டுடுற பக்கம் இதுதான்! டெஸ்ட் எழுதும்போதே, சந்தேகமான கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைங்க. ரைட்டே ஆனாலும் அதுவும் கடன்தான். நோட்டில் ஏத்திடுங்க.

அடுத்து, நோட்டைத் தலைப்புவாரியா கூட்டிப் பாருங்க. தேர்வில் அடிப்படைக் கருத்துகள் 36 சதவீதம், பிசினஸ் அனாலிசிஸ் 27, அஜைல் 20, முன்திட்ட முறை 17. எல்லாரும் 17-ல் வர்ற ஃபார்முலாவோடு மல்லுக்கட்டிட்டு, 27-ஐக் கோட்டை விட்டுடுறாங்க. உங்க ஓட்டை எங்கே இருக்குன்னு உங்க நோட்டு சொல்லும்.

‘அப்போ புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படிச்சா?’ன்னு கேட்கிறீங்களா? 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற ரெண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களை வெச்சே சோதிச்சாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டப்போ, ரெண்டு தடவை படிச்சவங்க 81 சதவீதம். ஒரு தடவை படிச்சுட்டு, பார்க்காம எழுதிப் பார்த்தவங்க 75. ஒரு வாரம் கழிச்சு? படிச்சவங்க 42-க்கு இறங்கிட்டாங்க. எழுதிப் பார்த்தவங்க 56! ஆக, தப்பின் விளக்கத்தைப் படிச்சு ‘ஓ, அப்படியா’ன்னு தலையாட்டினா போதாது. ரெண்டு நாள் கழிச்சு, நோட்டை மூடிட்டு, உங்க வார்த்தையில் சொல்லிப் பாருங்க. ரூம்மேட்டுக்குச் சொல்லிக் கொடுத்தா இன்னும் சூப்பர்.

ஒரு எச்சரிக்கை... பழைய டெஸ்ட்டையே திரும்ப எழுதி 85 வாங்கிட்டு ட்ரீட் வைக்காதீங்க! அது பதில் ஞாபகம் இருக்குன்னு மட்டும்தான் காட்டும். முன்னேற்றத்தை அளக்கப் புதுக் கேள்வித்தாள்தான் வேணும். அதில் ரெண்டை இப்பவே கடைசி பத்து நாளுக்குன்னு எடுத்து வைங்க.

அந்த ரெண்டையும் நிஜத் தேர்வு மாதிரியே எழுதுங்க. 150 கேள்வி, 3 மணி நேரம். கேள்விக்கு 72 விநாடி. செல்போன் ஆஃப். தெரியாத கேள்வியைக் காலியா விடாதீங்க. நெகட்டிவ் மார்க் கிடையாது. பாஸ் மார்க் எவ்வளவுன்னு நடத்துறவங்க வெளியே சொல்றதும் இல்லை. அதனால் ‘ஒரு டெஸ்ட்டில் 70 வந்தாச்சு’ன்னு நிம்மதியாகாம, எல்லாத் தலைப்பும் சேர்ந்து ஏறுதான்னு பாருங்க.

இன்னைக்கு ராத்திரி நாலாவது டெஸ்ட் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒண்ணு வாங்குங்க. ஏற்கெனவே எழுதின மூணு டெஸ்ட்டின் தப்புகளையும் அதில் ஏத்துங்க. கடன் எங்கேன்னு தெரிஞ்சுட்டா, அடைக்கிறது அவ்வளவு கஷ்டமில்லை. ஆல் தி பெஸ்ட்!