மாற்றாந்தாய் என்னும் பெயரும் பெற்றோர்க்கான பயிற்சியும்

ஓர் அரசு தன் ஆளுகைக்குட்பட்ட ஒரு பகுதிக்கு ஓரவஞ்சனை செய்கிறது என்று குறை கூற விரும்பும் நம் நாளேடுகள், "மாற்றாந்தாய் மனப்பான்மை" என்னும் தொடரையே எடுத்தாளுகின்றன. விளக்கம் எதுவும் இன்றியே அதன் பொருள் படிப்போருக்கு விளங்கிவிடுகிறது. ஆயின், தாய் மறைந்த வீட்டிற்கு இரண்டாம் தாரமாக வந்து, தான் பெறாத பிள்ளைக்குச் சோறிட்டு, தலைவாரி, பள்ளிக்கு அனுப்பிவைக்கும் பெண்ணின் நிலை என்ன? தன் உறவுப்பெயரே வஞ்சகத்தின் மறுபெயராக வழங்குவதை அவள் கேட்டுக்கொண்டே வாழ வேண்டியிருக்கிறது. பிள்ளையோடு ஏற்படும் இடர்ப்பாட்டை அவள் எவரிடமும் வாய்விட்டுச் சொல்லத் துணிவதில்லை. சொன்னால், "சித்தி அல்லவா, அப்படித்தான் இருப்பாள்" என்னும் தீர்ப்பே முதலில் வரும். இத்தகைய பெற்றோருக்கும், பொதுவாகப் பிள்ளை வளர்ப்போர் அனைவருக்கும், தாம்பரம் முதலிய தென்சென்னைப் புறநகர்களில் பயிற்சியும் ஆலோசனையும் கிடைக்கும் வழிகள் யாவை, அவற்றில் திருச்சபையின் பங்கு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புறநகரில் குடும்பத்தின் நிலை

கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931இல் மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் இங்கு இடம்பெயர்ந்தது. 1984இல் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. 2021இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. பிழைப்பைத் தேடிப் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறியோரால் வளர்ந்த ஊர் இது. கிராமத்தில் பிள்ளை வளர்ப்பைக் கற்பித்தவர்கள் பாட்டியும் அத்தையும் அண்டை வீட்டு முதியவளுமே. சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ இரண்டு அறை கொண்ட வாடகை வீட்டில் வாழும் இளம் தம்பதியருக்கு அந்தப் பள்ளிக்கூடம் இல்லை. மறுமணக் குடும்பத்திற்கோ இக்குறை இருமடங்காகிறது. முதல் தாரத்தின் பெற்றோர் ஒருபுறம், புதிய மனைவியின் உறவினர் மறுபுறம், நடுவே பிள்ளை என்னும் நிலையில், பாரபட்சமின்றி அறிவுரை கூற எவரும் கிடைப்பதில்லை.

திருமறையின் ஒளியில்

முன்மணப் பிள்ளைகளும் பின்மணப் பிள்ளைகளும் கலந்து வாழ்ந்த வீடுகளின் துயரைத் திருமறை மறைக்கவில்லை. ஆபிரகாமின் வீட்டினின்று ஆகாரும் இஸ்மவேலும் அனுப்பப்பட்டனர் (ஆதியாகமம் 21). யெப்தா தன் தந்தையின் மற்றப் பிள்ளைகளால் துரத்தப்பட்டான் (நியாயாதிபதிகள் 11). ஆயினும், பெறாத பிள்ளையைப் பேணி வளர்த்தோரின் சான்றும் அங்கு உண்டு. தாய்தந்தையரை இழந்த எஸ்தரை மொர்தெகாய் தன் மகளாக ஏற்றுக்கொண்டான் (எஸ்தர் 2:7).

இவர்களுள் தலையாயவர் யோசேப்பு. குழந்தைக்குப் பெயரிடும்படி அவருக்கே கட்டளையிடப்பட்டது. அவரே பெயரிட்டார் (மத்தேயு 1:21, 25). யூத வழக்கில் பெயரிடுதல் பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்கும் செயலாகும். தாவீதின் வழிமரபு இயேசுவுக்கு உரியதாவது இவ்வேற்பின் வழியாகவே என்பதை மத்தேயு உணர்த்துகிறார். பிற்காலத்தில் ஊரார் இயேசுவைத் தச்சனுடைய மகன் என்றும் (மத்தேயு 13:55), தச்சன் என்றும் (மாற்கு 6:3) அழைத்தனர். யோசேப்பு தம் தொழிலைக் கற்றுக்கொடுத்து அவரை வளர்த்தார் என்பது இதனால் புலனாகும்.

எபேசியர் 6:4இல் பிள்ளைகளை வளர்க்குமாறு தந்தையருக்குப் பவுல் கட்டளையிடும்போது வழங்கும் கிரேக்க வினைச்சொல் ஊட்டி வளர்த்தல் என்னும் பொருளது. புதிய ஏற்பாட்டில் இச்சொல் இன்னும் ஓரிடத்தில் மட்டுமே வருகிறது. மனிதன் தன் உடலைப் பேணுவதைக் குறிக்கும் 5:29 அவ்விடம். பெறுதலைக் குறிக்கும் சொல் இங்கு இல்லை. மேலும், பவுல் ஐந்து இடங்களில் வழங்கும் "புத்திரசுவிகாரம்" என்னும் கருத்தின்படி, கடவுளின் பிள்ளைகளாகிய நாம் அனைவருமே ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள். இவ்விசுவாசத்தை அறிக்கையிடும் சபை, ஏற்று வளர்ப்போரை இரண்டாந்தரப் பெற்றோராக எண்ணுதல் தகாது.

பயிற்சி என்பது யாது

பிள்ளை வளர்ப்பைப் பெரியவர்கள் வகுப்பில் அமர்ந்து கற்க வேண்டுமா என்று சிலர் நகைக்கலாம். 1529இல் லுத்தர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிக்கும் பொருட்டே எழுதப்பட்டது. பெற்றோரைக் கற்பிக்கும் பணி சீர்திருத்தத் திருச்சபைக்குப் புதியதன்று.

உளவியல் துறையில் ஆல்பிரட் ஆட்லர் 1920களில் வியன்னாவில் பெற்றோரையும் ஆசிரியரையும் ஒருங்கே கூட்டிப் பிள்ளை வழிகாட்டு நிலையங்களை நடத்தினார். தாமஸ் கார்டன் 1962இல் கலிபோர்னியாவில் பெற்றோர்க்கான பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். மறுமணக் குடும்பங்களுக்கென அமெரிக்காவில் 1979இல் ஒரு சங்கம் நிறுவிய எமிலி விஷர், ஜான் விஷர் தம்பதியர், தாமே முன்மணப் பிள்ளைகளோடு மறுமணம் புரிந்தவர்கள்.

இத்தகைய குடும்பங்களோடு பழகிய ஆலோசகர் பெரும்பாலும் உடன்படும் கருத்துகள் சில உண்டு. முதலாவது, அன்பு உடனே மலர வேண்டும் என்று எதிர்பார்த்தல் தவறு. இணக்கம் உண்டாகச் சில ஆண்டுகள் ஆகும். இரண்டாவது, கண்டித்துத் திருத்தும் பொறுப்பைத் தொடக்கத்தில் பெற்றவரே ஏற்க, புதிதாய் வந்தவர் முதலில் பிள்ளையின் நம்பிக்கையைப் பெற வேண்டும். மூன்றாவது, மறைந்த தாயைப் பிள்ளை நினைந்து அழுதால் அது சித்தியின்மேல் கொண்ட வெறுப்பன்று. அத்தாயின் படத்தைச் சுவரிலிருந்து அகற்றுதல் பெருந்தவறாகும். நான்காவது, கணவனும் மனைவியும் தனிமையில் பேசி ஒருமனப்படாதவரை பிள்ளைக்கு எவ்விதியும் நிலைக்காது.

எங்கே தேடுவது

"மாற்றுப் பெற்றோர் வகுப்பு" என்னும் பெயர்ப்பலகையை எதிர்பார்த்துத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமடைவர். வேண்டிய உதவி வேறு பெயர்களில் சிதறிக் கிடக்கிறது.

1. அங்கன்வாடி: 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் ஆறு சேவைகளுள் பெண்களுக்கான உடல்நல, ஊட்டச்சத்துக் கல்வியும் ஒன்று. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையை வளர்ப்போர் முதலில் நாட வேண்டிய இடம் இதுவே.

2. பள்ளி: 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளராக இருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாதல் வேண்டும். இது வகுப்பன்று. எனினும், பெற்றோர்க்கான வகுப்பொன்றை நடத்துமாறு கேட்பதற்கு உரிய மன்றம் இது.

3. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகள்: முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பட்ட பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தை அணுகலாம். தியாகராய நகரிலுள்ள மதுரம் நாராயணன் மையத்தில் தாயே பிள்ளையோடு அமர்ந்து கற்பிக்கும் முறையைப் பயில்கிறாள். தாம்பரத்திலிருந்து மாம்பலத்திற்கு மின்தொடர் வண்டியில் சென்றால் அதனை அடையலாம்.

4. சமூகப்பணியாளர்: சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சமூகப்பணித் துறை உள்ளது. களப்பயிற்சி அத்துறைக் கல்வியின் இன்றியமையாத பகுதி. அருகிலுள்ள சபைகள் அத்துறையோடு கலந்து பேசித் தம் பெற்றோர்க்குப் பயிற்சி ஒழுங்கு செய்ய முயலலாம்.

5. அரசின் பாதுகாப்பு அமைப்புகள்: தாம்பரமும் பல்லாவரமும் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே, இப்பகுதியினர் நாட வேண்டிய மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு செங்கற்பட்டினுடையது, சென்னையினுடையதன்று. பிள்ளைக்குத் தீங்கு நேருமெனில் 1098 என்னும் எண்ணையும், பெற்றோரே மனஞ்சோர்ந்து தளர்ந்தால் 14416 என்னும் மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம். இரண்டும் கட்டணமற்றவை.

சட்டத்தைக் குறித்து ஒரு சொல்

மறுமணத்தினால் மட்டும் ஒருவர் தம் துணைவரின் பிள்ளைக்குச் சட்டப்படி பெற்றோராகிவிடுவதில்லை. இதனை அறியாத குடும்பங்கள் பல. 1956ஆம் ஆண்டு இந்துத் தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவருக்குப் பொருந்தாது. நீண்ட காலம் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்பாளராகும் வழியே நமக்கு இருந்தது. புத்திரசுவிகாரத்தைப் பிரசங்கிக்கும் மக்களுக்குச் சுவிகாரச் சட்டம் இல்லாதிருந்தது வியப்புக்குரியது. இளைஞர் நீதிச் சட்டத்தின்வழி எம்மதத்தினரும் தத்தெடுக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவுபடுத்தியது. மாற்றுப் பெற்றோர் துணைவரின் பிள்ளையைத் தத்தெடுக்கும் முறை 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் கூறப்பட்டுள்ளது. பிள்ளையின் விருப்பமும் கருதப்படும். சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தம், ஆணை பிறப்பிக்கும் பொறுப்பை நீதிமன்றத்தினின்று மாவட்ட ஆட்சியருக்கு மாற்றியது. விரும்புவோர் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முதலில் விசாரித்தல் நன்று.

வகுப்பை மதிப்பிடுதல்

எவ்வகுப்பிலும் சேருமுன் சில கேள்விகளைக் கேட்டறிதல் வேண்டும். நடத்துவோர் இத்துறையில் பயின்றவர்தாமா? சொற்பொழிவு மட்டுமா, பெற்றோர் செய்து பழக வாய்ப்புண்டா? தமிழில் நடைபெறுமா? வேலைக்குச் செல்லும் தந்தையர் வரக்கூடிய நேரத்தில் நடைபெறுமா? அங்குப் பேசியது வெளியே செல்லாது என்னும் உறுதி உண்டா? மறுமணக் குடும்பத்தின் தனி இடர்ப்பாடுகள் பேசப்படுமா? நீதிமொழிகள் 13:24ஐ ஆதாரமாகக் காட்டி அடிப்பதே வளர்ப்பு என்று கற்பிப்போரை விலக்க வேண்டும். பிள்ளைகளைக் கோபப்படுத்தலாகாது என்றும், அவர்கள் மனந்தளரலாகாது என்றும் பவுல் எச்சரித்திருப்பதை (கொலோசெயர் 3:21) அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

சபை செய்யத்தக்கவை

முதலாவது, ஆயரும் பெண்கள் சங்கத்தாரும் மேற்கூறிய இடங்களுக்கு நேரில் சென்று விசாரித்து, நாளும் நேரமும் கட்டணமும் குறித்த ஒரு பட்டியலை ஆயத்தப்படுத்தி, ஆண்டுதோறும் திருத்தி, ஆலய வாயிலில் வைத்தல் வேண்டும். இரண்டாவது, ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஆறு வாரம் மாலைதோறும் கூடும் பயிற்சியை ஆலய மண்டபத்திலேயே ஒழுங்கு செய்யலாம். அதற்கு "பிள்ளை வளர்ப்போர் கூடுகை" போன்ற பொதுப்பெயர் இருக்கட்டும். "மாற்றாந்தாய்மார் வருக" என்று அறிவித்தால் எவரும் வரமாட்டார். மூன்றாவது, தந்தையரும் வருதல் கட்டாயம். இல்லையேல், பழி முழுவதையும் மனைவியே சுமக்க நேரும். நான்காவது, நம் வழிபாட்டையும் பதிவேடுகளையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும். அன்னையர் ஞாயிறன்று வளர்க்கும் தாய்க்கும் இடமுண்டா? ஞாயிறு பள்ளிப் பதிவேட்டில் வளர்ப்பவர் பெயரை எழுத இடமுண்டா?

இவை பெருஞ்செலவு கோருவன அல்ல. ஆயினும், சபை இவற்றைச் செய்யத் தவறினால், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தாயையும் இழந்து, தனக்கு வாய்த்த இரண்டாம் தாயையும் அண்டை வீட்டார் பேச்சினால் இழக்கக்கூடும். அவளோ தன் நல்லெண்ணத்திற்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இன்றிச் சோர்ந்துபோவாள். இவ்விருவரையும் ஒரே மேசையில் அமர்த்தித் தாங்கும் பணி நாசரேத்துத் தச்சரின் வீட்டை நினைவுகூரும் ஒவ்வொரு சபைக்கும் உரியது. வரும் குடும்ப ஞாயிற்றுக்கு முன்னரே அதனைத் தொடங்குவோமாக.