சார்பை ஒப்புக்கொண்ட சிறுமி

லண்டன் செயின்ட் பாங்ரஸ் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது பிரிட்டிஷ் நூலகம். அங்குள்ள கையெழுத்துப் பிரதிகளில் ஒரு சிறுமியின் நோட்டுப் புத்தகமும் உண்டு. 1791 நவம்பரில் அதில் இங்கிலாந்தின் சரித்திரத்தை எழுதி முடித்தபோது ஜேன் ஆஸ்டினுக்குப் பதினைந்து வயது. அரசர்களின் படங்களை அக்கா கஸாண்ட்ரா வரைந்து கொடுத்தார். அந்நாளில் பிள்ளைகள் உருப்போட்டுக்கொண்டிருந்த ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் வரலாற்று நூலைக் கிண்டலடிப்பதுதான் நோக்கம்.

இதை எழுதுகிறவள் பாரபட்சம் உள்ளவள், முன்முடிவோடு எழுதுகிறவள், போதாக்குறைக்கு விஷயம் தெரியாதவள் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார் ஜேன். ஆங்கிலிக்கன் பாதிரியாரின் மகள்தான்; ஆனாலும் கத்தோலிக்க ராணியான மேரி ஸ்டூவர்ட்டின் கட்சி. அவருக்கு மரண தண்டனை விதித்த முதலாம் எலிசபெத்தை வறுத்தெடுத்துவிடுகிறார். வாசிக்கிற குழந்தைக்கு இவர் யார் பக்கம் என்பதில் சந்தேகமே இருக்காது.

இப்படி வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எழுதப்பட்ட குழந்தைகள் வரலாறு அபூர்வம். மற்றவையெல்லாம் நடந்ததை நடந்தபடி சொல்வதாகத்தான் சொல்லிக்கொள்கின்றன. லண்டனில் எழுதப்பட்டு, அச்சாகி, உலகமெங்கும் போன சில புத்தகங்களைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது.

ஆறு ஸ்டேஷன் தூரம்

நகரின் பழைய இறைச்சிச் சந்தையான ஸ்மித்ஃபீல்டில், செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனைச் சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. முதலாம் மேரி ராணியின் காலத்தில் அங்கே உயிரோடு எரிக்கப்பட்ட புராட்டஸ்டன்ட்களை நினைவுகூரும் பலகை அது. 1555 பிப்ரவரியில் ஜான் ராஜர்ஸில் தொடங்கி 1558-ல் ராணி இறக்கும்வரை, நாடு முழுவதும் ஏறத்தாழ 280 பேர் நெருப்புக்கு இரையானார்கள்.

ஸ்மித்ஃபீல்டிலிருந்து நடந்துபோய் செயின்ட் பால்ஸ் ஸ்டேஷனில் சென்ட்ரல் லைன் ரயில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் மார்பிள் ஆர்ச். அங்கேதான் டைபர்ன் தூக்குமரம் இருந்தது. மேரிக்குப் பின் வந்த எலிசபெத்தின் காலத்தில், 1581 டிசம்பரில், எட்மண்ட் கேம்பியன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் அங்கே தூக்கிலிடப்பட்டு, உடல் நான்காக வெட்டப்பட்டது. அந்த ஆட்சி முடிவதற்குள் 180-க்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்கள் இங்கிலாந்தில் கொல்லப்பட்டார்கள். இன்று அருகிலேயே ஒரு கன்னியாஸ்திரி மடம் அவர்கள் நினைவாக ஜெபித்துக்கொண்டிருக்கிறது.

மேரியின் ஆட்சி ஐந்தே வருஷம். எலிசபெத்தின் ஆட்சி நாற்பத்து நான்கு வருஷம். ஆகவே இரண்டு எண்களையும் அப்படியே தராசில் வைத்துவிட முடியாது. மேரி கொன்றது மதத்துக்காக, எலிசபெத் கொன்றது ராஜத் துரோகத்துக்காக என்ற வாதமும் உண்டு. ஆனால் கத்தோலிக்கப் பாதிரியாராக நாட்டுக்குள் இருப்பதையே துரோகமாக்கியது 1585-ல் வந்த சட்டம் என்பதை அந்த வாதம் சொல்வதில்லை.

பிள்ளைகளின் புத்தகத்தில் என்ன நின்றது? ஒருத்தி ‘இரத்தவெறி மேரி’. இன்னொருத்தி ‘நல்ல ராணி பெஸ்’. இந்தப் பட்டப்பெயர்கள் வேரூன்ற முக்கியக் காரணம் ஜான் ஃபாக்ஸ் எழுதிய தியாகிகள் நூல். ஸ்மித்ஃபீல்டுக்குப் பக்கத்திலேயே, ஆல்டர்ஸ்கேட்டில் இருந்த ஜான் டேயின் அச்சகத்தில் 1563-ல் அச்சான புத்தகம். தீயில் வேகும் மனிதர்களின் மரச்செதுக்குப் படங்கள் நிறைந்தது. 1571-ல் பேராலயங்கள்தோறும் ஒரு பிரதி வைக்க வேண்டும் என்று திருச்சபை உத்தரவிட்டது. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் அந்தப் படங்கள் புரிந்தன. டைபர்னுக்கு அப்படியொரு படப் புத்தகம் பேராலயத்தில் வாய்க்கவில்லை.

அப்பா எழுதிய வரலாறு

மூன்று நூற்றாண்டுகள் கழித்து இதே கதையைக் குழந்தைகளுக்குச் சொன்னவர் சார்லஸ் டிக்கன்ஸ். லண்டனில் அவர் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்’ வார இதழில் 1851 முதல் 1853 வரை ‘குழந்தைகளுக்கான இங்கிலாந்து வரலாறு’ தொடராக வந்தது. பிறகு புத்தகமாகி, இருபதாம் நூற்றாண்டிலும் பள்ளிகளில் வாசிக்கப்பட்டது.

ஏன் எழுதினார் என்பதற்கு அவரே சாட்சி. தொடர் வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே, 1843-ல், நண்பர் டக்ளஸ் ஜெரால்டுக்கு எழுதிய கடிதத்தில் மகனுக்காக ஒரு சிறு சரித்திரம் எழுதிவருவதாகக் குறிப்பிடுகிறார். பிள்ளை பழமைவாதக் கருத்துகளையோ, கத்தோலிக்கச் சாயல் கொண்ட ‘ஹை சர்ச்’ கருத்துகளையோ பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பதுதான் அவர் கவலை. ஆக, புத்தகம் பிறந்ததே ஒரு தடுப்பூசியாக. துறவிகள் அதில் பெரும்பாலும் தந்திரக்காரர்கள். மேரிக்கு அதே இரத்தப் பட்டம்தான்.

டிக்கன்ஸைக் கெட்ட எண்ணக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தைப் போப்பாண்டவரிடமிருந்து பிரித்த எட்டாம் ஹென்றியையும் அவர் காறித் துப்பாத குறையாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் மகன்மேல் வைத்த பாசமே அவருடைய பாரபட்சத்துக்கு ஊற்றுக்கண். குழந்தைகளுக்கு எழுதும்போது மதச் சார்பு எளிதாக நுழைவதற்குக் காரணமும் இதுதான். தான் நம்புவதைத்தானே பெற்றவர் பிள்ளைக்குக் கொடுக்கத் துடிக்கிறார்?

மூன்றாவது பெட்டியின் பெயர்

இன்று லாயிட்ஸ் காப்பீட்டு நிறுவனத்தின் எஃகுக் கட்டடம் நிற்கிற இடத்தில் ஒருகாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இருந்தது. அங்கே 1819-ல் வேலைக்குச் சேர்ந்தவர் ஜேம்ஸ் மில். அதற்கு இரண்டு வருஷம் முன்பு அவர் வெளியிட்ட ‘பிரிட்டிஷ் இந்திய வரலாறு’ இந்தியாவின் கடந்த காலத்தை இந்துக் காலம், முஸ்லிம் காலம், பிரிட்டிஷ் காலம் என்று மூன்று பெட்டிகளில் அடைத்தது. மில் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்திய மொழி எதுவும் தெரியாது. இது ஒரு குறையே அல்ல என்று முன்னுரையில் வாதாடவும் செய்தார். கம்பெனி அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில் அது பாட நூலானது.

விவரமான ஒரு பத்து வயதுக் குழந்தை இங்கே ஒரு கேள்வி கேட்கும்: முதல் இரண்டு பெட்டிக்கும் மதத்தின் பெயர், மூன்றாவது மட்டும் ஏன் ‘கிறிஸ்தவக் காலம்’ இல்லை? ஆள்பவன் தன்னை நாட்டின் பெயரால் அழைத்துக்கொண்டான். ஆளப்பட்டவர்களுக்கு மதத்தின் பெயரைச் சூட்டினான். அந்தப் பெட்டிகள் கப்பலேறி வந்து, நம் ஊர்ப் பாடப் புத்தகங்களில் பல தலைமுறைகள் குடியிருந்தன. முகலாயர் காலத்திலேயே தெற்கே நாயக்கர்கள் கோபுரம் எழுப்பிக்கொண்டிருந்ததை எந்தப் பெட்டியில் வைப்பது என்று யாரும் கேட்கவில்லை.

பழியை மில்லின் தலையில் போட்டுவிட்டு நாம் கை கழுவ முடியாது. தமிழகத்தைக் களப்பிரர் ஆண்ட காலத்தை ‘இருண்ட காலம்’ என்றுதான் நம்மில் பலர் பள்ளியில் படித்தோம். சமணத்தையும் பௌத்தத்தையும் ஆதரித்தவர்களாகக் கருதப்படும் அந்த அரசர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முக்கியச் சாசனம் எட்டாம் நூற்றாண்டின் வேள்விக்குடிச் செப்பேடு. பிராமணர்களுக்கு முன்னொரு பாண்டியன் கொடுத்த ஊரைக் களப்பிரர் பறித்தார்கள், நாங்கள் திருப்பிக் கொடுத்தோம் என்று சொல்லும் பாண்டியர் சாசனம். தோற்றவனைப் பற்றி வென்றவன் எழுதியது. அந்த ‘இருட்டில்’தான் கீழ்க்கணக்கு நூல்கள் பலவும் எழுந்தன என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. களப்பிரர் ஆட்சியைப் பற்றித் தனி நூலே எழுதி அந்த இருட்டை விலக்கப் பார்த்தார் மயிலை சீனி. வேங்கடசாமி. ‘இரத்தவெறி மேரி’, ‘முஸ்லிம் காலம்’, ‘இருண்ட காலம்’ மூன்றிலும் பச்சைப் பொய் எதுவும் இல்லை. ஒரு பெயரே தீர்ப்பாகிவிடுகிறது. அத்தியாயத்தைப் படிக்கும் முன்பே குழந்தை தீர்ப்பை மனப்பாடம் செய்துவிடுகிறது.

தீபாவளி ஒரு வகுப்பில், சோழன் எங்கே?

இன்றைய லண்டன் பள்ளிகளில் அந்தப் பழைய காரம் இல்லை. 2014-ல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டம், ஏழு முதல் பதினொரு வயதுக் குழந்தைகளுக்கு ஐரோப்பாவுக்கு வெளியே ஒரு சமூகத்தைக் கற்பிக்கச் சொல்கிறது. கொடுக்கும் தேர்வுகள் மூன்று: கி.பி. 900 வாக்கில் பாக்தாத் உள்ளிட்ட இஸ்லாமிய நாகரிகம், அதே காலத்து மாயா நாகரிகம், 900 முதல் 1300 வரையிலான ஆப்பிரிக்க பெனின். மூன்றும் நல்ல தேர்வுகள்தான். ஆனால் 900 முதல் 1300 வரை என்றதும் தமிழ்க் காதில் வேறொன்று ஒலிக்கும். தஞ்சைப் பெரிய கோயில் எழுந்ததும், 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியதும் சரியாக அந்த நானூறு ஆண்டுகளுக்குள்தான். பழைய நாகரிகங்களின் வரிசையில் சிந்துவெளி வருகிறது, அதுவும் பள்ளி தேர்ந்தெடுத்தால்.

இந்து மதம் வேறொரு வகுப்பில் வருகிறது. ‘ஆர்.இ.’ எனப்படும் சமயக் கல்வியில் முக்கிய மதங்கள் அனைத்துக்கும் இடம் தர வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டின் கல்விச் சட்டம். நாட்டின் மரபு பெரும்பாலும் கிறிஸ்தவம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அதனால் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ படிக்கிற குழந்தை தீபாவளிக்கு அகல் விளக்குச் செய்யும். கோயில் கட்டிய, கப்பல் விட்ட, தங்களுக்குள் சண்டையும் போட்டுக்கொண்ட மனிதர்களாக, தீபாவளி கொண்டாடும் அதே மக்களை வரலாற்று வகுப்பில் சந்திக்காமலே ஆரம்பப் பள்ளியை முடித்துவிடலாம். பண்டிகை இருக்கிறது, கடந்த காலம் இல்லை. இது பகையில் பிறந்த பாரபட்சம் அல்ல. கண்ணில் படாததால் வந்தது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி அந்த இடத்தை நிரப்பப் பார்க்கிறது. அங்கேதான் நமக்குச் சோதனை. இலங்கையை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன் கதையை எடுத்துக்கொள்வோம். அந்தக் கதைக்கு மூலமான பாலி நூல் மகாவம்சத்தை வில்ஹெல்ம் கெய்கரின் மொழிபெயர்ப்பில் 1912-ல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது லண்டன் பாலி நூற் சங்கம். பௌத்தப் பிக்குகள் எழுதிய அந்த நூலில் அவனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனுவே நாயகன். ஆனாலும் எல்லாளன் நாற்பத்து நான்கு ஆண்டுகள் நீதியோடு ஆண்டதையும், ஆராய்ச்சி மணி கட்டியதையும், கன்றைக் கொன்ற மகனைத் தண்டித்ததையும், பகைவனே அவனுக்கு நினைவிடம் எழுப்பியதையும் அது மறைக்கவில்லை. நம் மனுநீதிச் சோழன் கதையேதான். குழந்தைக்காக இரண்டு பக்கமாகச் சுருக்கும்போது என்ன ஆகும்? சிங்களப் பக்கத்து ஆசிரியர் மணியை விட்டுவிடலாம். தமிழ்ப் பக்கத்து ஆசிரியர் நினைவிடத்தை விட்டுவிடலாம். மிஞ்சுவது இருவரும் யானைமேல் ஏறிப் போட்ட சண்டை மட்டும்.

கடைசி அத்தியாயம்

அப்படியானால் பாரபட்சமே இல்லாத புத்தகம் எங்கே கிடைக்கும்? கிடைக்காது. ஆனால் தன்னைத் திருத்திக்கொண்ட புத்தகம் ஒன்று உண்டு.

1935-ல் வியன்னாவில் வேலையில்லாமல் இருந்த எர்ன்ஸ்ட் கோம்ப்ரிக் என்ற இளைஞரிடம், குழந்தைகளுக்கான ஓர் ஆங்கில வரலாற்றை மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டார் பதிப்பாளர் வால்டர் நொய்ராத். புத்தகம் பிடிக்கவில்லை, நானே எழுதுகிறேன் என்றார் கோம்ப்ரிக். ஆறே வாரத்தில் உலக வரலாற்றை எழுதி முடித்தார். புத்தர், கன்ஃபூஷியஸ், இயேசு, முகமது நபி எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. போருக்கு எதிரான புத்தகம் என்று நாஜிகள் தடை செய்தார்கள். யூத வம்சத்தவரான அவர் 1936-ல் லண்டன் வார்பர்க் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 2001-ல் இறக்கும்வரை லண்டன்தான் வீடு. ஆங்கில மொழிபெயர்ப்பு 2005-ல் வெளிவந்தது.

இடையில் 1985-ல், எழுபத்தாறு வயதில், ஜெர்மன் பதிப்புக்கு ஒரு கடைசி அத்தியாயம் சேர்த்தார். முதல் உலகப் போரின் முடிவைப் பற்றித் தன்னைச் சுற்றியிருந்தவர்கள் நம்பியதையே எழுதிவிட்டதாக அதில் ஒப்புக்கொள்கிறார். இன்னொன்றும் சொல்கிறார்: மாற்று மதத்தவரைத் துன்புறுத்தும் காலம் ஒழிந்தது என்று இளவயதில் நினைத்து எழுதினேன், அது மறுபடி வரும் என்று கற்பனைகூடச் செய்யவில்லை. எழுதிய பக்கங்களை அவர் கிழித்துப் போடவில்லை. பின்னால் வந்து, குழந்தைகளிடமே, நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்கிறார்.

அந்தப் புத்தகம் வாங்கினால் கடைசி அத்தியாயத்தை முதலில் வாசித்துக் காட்டலாம். பிறகு எந்த வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தாலும், இதை எழுதியவர் எந்த இடத்தில் தவறியிருப்பார் என்று பிள்ளை தானாகத் தேட ஆரம்பித்துவிடும்.