ஆண்கள் பள்ளி: ஆசிரியரும் நூலகரும் ஒரே பயிற்சியில் உட்கார வேண்டும்

பள்ளிக்கல்வி பற்றிச் சில மாதங்களாகப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். நான் கல்வியாளன் இல்லை, மென்பொருள் ஆள். அந்த அளவில் மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பின் கேள்வி: பையன்கள் மட்டும் படிக்கும் பள்ளியில் ஆசிரியர்களுக்கும் நூலகருக்கும் பணியிடைப் பயிற்சி கொடுப்பதென்றால், எதைக் கொடுப்பது?

முதலில் ஒரு கணக்கு. 15 வயது மாணவர்கள் எழுதும் பிசா தேர்வில், 2018இல் கலந்துகொண்ட எல்லா நாடுகளிலும் வாசிப்பில் பெண்பிள்ளைகள்தான் முன்னால் இருந்தார்கள். ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி இடைவெளி 30 புள்ளி. 2022இல் அது 24. கணிதத்தில் பையன்கள் முன்னே என்றாலும், 2018இல் அந்த இடைவெளி வெறும் 5 புள்ளிதான். இந்தியாவிலிருந்து 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டும் கலந்துகொண்டன.

இருபாலர் பள்ளியில் இந்த இடைவெளி ஆசிரியர் கண்ணில் தானாகவே படும். ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரு பக்கம் மட்டும் பின்தங்குகிறது. ஆண்கள் பள்ளியில் ஒப்பிட ஆளே இல்லை. "பசங்கன்னா அப்படித்தான் சார், புக்கெல்லாம் தொட மாட்டானுங்க" என்பது இயல்பாகிவிடுகிறது. ஆக, பயிற்சியின் முதல் வேலை, கண்ணுக்குத் தெரியாத இந்த இடைவெளியைத் தெரிய வைப்பது.

அதற்கான தரவு ஏற்கெனவே பள்ளியில் இருக்கிறது: நூலகத்தின் புத்தகம் வழங்கும் பதிவேடு. எங்கள் வேலையில் சர்வர் லாக் மாதிரி. யார் எடுத்தான், எதை எடுத்தான், எப்போது திருப்பினான் எல்லாம் அதில் உண்டு. ஆனால் பதிவேடு நூலகரிடம், மதிப்பெண் பட்டியல் ஆசிரியரிடம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் யார்?

இந்தப் பிரிவு சட்டத்திலேயே தெரிகிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உட்பட நூல்கள் கொண்ட நூலகம் வேண்டும் என்கிறது. எத்தனை ஆசிரியர் வேண்டும் என்பதற்கும் கணக்கு சொல்கிறது. அந்தப் பட்டியலில் நூலகர் இல்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்று எதிர்பார்ப்பதும் ஆசிரியர்களிடம்தான். பல பள்ளிகளில் நூலகம் ஏதோ ஒரு ஆசிரியரின் கூடுதல் பொறுப்பு. சாவி அவரிடம் இருக்கும், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதனே முதலில் கணித ஆசிரியர்தான். சைதாப்பேட்டையில் எல்.டி. படித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான புதிதில் வேலை பிடிக்காமல் மறுபடி வகுப்பறைக்கே போக நினைத்தார். லண்டனுக்குப் பயிற்சிக்குப் போய்ப் பல நூலகங்கள் இயங்குவதை நேரில் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. 1931இல் வந்த அவருடைய ஐந்து விதிகளின் நடுவில் இருப்பது வாசகனையும் புத்தகத்தையும் சேர்த்து வைக்கும் வேலை. எந்தப் பையனுக்கு எந்தப் புத்தகம் என்று சொல்ல, புத்தகமும் தெரிய வேண்டும், பையனையும் தெரிய வேண்டும். முதலாவது நூலகரிடம், இரண்டாவது ஆசிரியரிடம் இருக்கிறது. அதனால்தான் இருவரும் ஒரே அறையில் உட்கார வேண்டும் என்கிறேன்.

சரி, எப்படிப்பட்ட பயிற்சி? புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980இலேயே இதை ஐந்து படியாகப் பிரித்தார்கள்: கருத்தை விளக்குவது, செய்து காட்டுவது, செய்ய வைப்பது, குறை நிறை சொல்வது, கடைசியாக அவரவர் வகுப்பிலேயே கூட நின்று உதவுவது. நம் பயிற்சிகள் பெரும்பாலும் முதல் படியோடு சாப்பாட்டுக்குப் போய்விடும். மென்பொருளிலும் இதே கதைதான். இரண்டு நாள் வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியவரைவிட, தினமும் சக ஊழியர் தன் கோடைப் படித்துக் கருத்துச் சொல்லக் கேட்டவர் சீக்கிரம் தேறுகிறார்.

இதை வைத்து ஒரு பள்ளி மாதம் ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடியவை:

1. பதிவேட்டைத் திறந்து, இந்தப் பருவத்தில் ஒரு புத்தகம்கூட எடுக்காத பையன்களின் பட்டியலை வகுப்புவாரியாகப் போடுவது. திட்டுவதற்கான பட்டியல் இல்லை. ஆளுக்கு ஐந்து பேரை ஆசிரியர்கள் பிரித்துக்கொள்வதற்கு.

2. நூலகர் இரண்டு நிமிடத்தில் ஒரு புத்தகத்தை அறிமுகம் செய்து காட்டுவது. அடுத்த வாரம் ஆசிரியர்கள் வகுப்பில் அதையே செய்ய, நூலகர் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக் கருத்துச் சொல்வது.

3. கிரிக்கெட், பைக், காமிக்ஸ், விவசாய இதழ் எல்லாம் வாசிப்பில் சேர்த்தி என்று முடிவெடுப்பது.

4. பி.டி. சாரையும் கணக்கு சாரையும் இதில் சேர்ப்பது. தமிழ் ஆசிரியர் புத்தகம் படித்தால் பையனுக்கு அது அவர் வேலை. மைதானத்து ஓரம் பி.டி. சார் ஒரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், "என்ன சார் படிக்கிறீங்க?" என்று ஒருத்தனாவது கேட்பான்.

இது எதற்கும் புது நிதியோ செயலியோ தேவையில்லை. தலைமை ஆசிரியர் கால அட்டவணையில் ஒரு பீரியட் ஒதுக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் சரளமாக வாசிக்க வராத பையனுக்கு அறிவியலும் வராது, சமூக அறிவியலும் வராது. பத்தாவது ரிசல்ட் வரும்போதுதான் இது நமக்குத் தெரிய வருகிறது. பதிவேட்டில் இரண்டு வருடம் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

படிப்பவர்களில் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர் யாராவது இருந்தால், முதல் வேலையை மட்டுமாவது செய்து பாருங்கள். ஒரு வகுப்புக்கு அரை மணி நேரம் ஆகும்.