யப்பானின் மின்வேகமும் நமது மலைப் புகையிரதமும்

மானிப்பாய்க்குப் புகையிரத நிலையம் இல்லை. ஆயினும் கோச்சியின் கூவல் நம்மூரார்க்குப் புதியதன்று. ஊர் அடங்கிய இரவுகளில் கொக்குவில், இணுவிற் பக்கமிருந்து அது காற்றோடு மிதந்து வரும். அவ்வோசையைக் கேட்டே நேரத்தைச் சொல்லிய மூதாட்டியர் முன்னாளில் இருந்தனர். 1990ஆம் ஆண்டு யூன் மாதம் அந்தக் கூவல் அடங்கிற்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேதான் அது யாழ்ப்பாணத்துக்கு மீண்டு வந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகளுட் பலர், புகையிரதத்தைப் பாடப்புத்தகத்திற் கண்டனரேயன்றி நேரிற் கண்டாரல்லர்.

அவர்களுள் ஒருவன் என் தமக்கையின் மகன். பதினாறு வயதிலேதான் அவன் முதன்முதலாகப் புகையிரதம் ஏறினான். இன்று அவன் உயர்கல்வி கற்பதோ, உலகமே வியக்கும் மின்வேக வண்டிகள் ஓடும் தோக்கியோ மாநகரில்! 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்தவன், "மாமா, ஒருக்கால் பதுளை மட்டும் கோச்சியிலே போய் வருவோமே" என்றான்.

"அந்த வேகத்தைக் கண்டவனுக்கு நமது ஆமை வண்டியில் என்ன ஆசை?" என்று கேட்டேன்.

"போய் வந்தபிறகு சொல்லுகிறேன்" என்று சிரித்தான்.

எண்பது நிமிடத்தில் மலைநாடு

யாழ்ப்பாணத்தில் வண்டியேறினோம். மலைநாடு செல்வோர் கொழும்பு வரை போக வேண்டியதில்லை. வடபாதை தலைப்பாதையோடு கூடுகின்ற பொல்காவலைச் சந்தியில் இறங்கி, வண்டி மாறிக்கொள்ளலாம். அதுவரை பொழுது போகவேண்டுமே! வன்னிக் காடுகள் பின்னோக்கி ஓட, அவன் யப்பானியக் கதையைத் தொடங்கினான்.

யப்பானியர் தம் முதல் மின்வேகப் பாதையை 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி திறந்தனர். தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடைப்பட்ட 515 கிலோமீற்றர்த் தூரத்தில், வண்டி மணிக்கு 210 கிலோமீற்றர் வரை வேகங்கொண்டு ஓடிற்று. அதனை அமைக்க உலக வங்கியிடம் எட்டுக் கோடி டொலர் கடன் பெற்றனர் என்றான். போரில் நொந்த நாடு கடன்பட்டுப் பாதை போடுவது நமக்கும் புதிதோ? நாங்கள் அப்பொழுது ஓடிக்கொண்டிருந்த வடபாதையும் இந்தியக் கடனுதவியால் மீண்டெழுந்ததுதானே!

பின்னர், நகரத்திலிருந்து மலைநாட்டுக்குச் செல்லும் பாதையைப் பற்றிச் சொன்னான். தோக்கியோவிலிருந்து மலைகள் சூழ்ந்த நாகானோ நகர் 222 கிலோமீற்றர். வழியிலே உசுயி என்னும் கணவாய் உண்டு. பதினைந்து அடி சென்றால் ஓரடி உயரும் செங்குத்தான ஏற்றம் அது. 1893ஆம் ஆண்டு முதல் 1963 வரை, பற்கள் பதித்த தனித் தண்டவாளத்தைச் சக்கரத்தாற் பற்றிக்கொண்டே வண்டிகள் அங்கே ஏறின. பற்தண்டவாளம் ஒழிந்த பின்னரும், யோக்கோகாவா என்ற அடிவார நிலையத்தில் நின்று, துணை எஞ்சின்களைப் பூட்டிக்கொண்டே ஏறவேண்டியிருந்தது. அந்நேரத்திற் பயணிகள் இறங்கி, சிறு மண்பானையில் விற்கப்படும் சுடுசோற்றை வாங்கி உண்பராம்.

1997ஆம் ஆண்டு நாகானோவுக்கு மின்வேகப் பாதை திறக்கப்பட்டது. மூன்று மணித்தியாலப் பயணம் ஏறத்தாழ எண்பது நிமிடமாகச் சுருங்கிற்று. மலையைச் சுற்றியும் வளைந்தும் ஏறவேண்டியதில்லை. சுரங்கங்களினூடே அம்புபோற் பாய்ந்துவிடலாம். ஆனால், யோக்கோகாவாவிலிருந்து கணவாய்மீது ஏறிய பழைய பாதை அதே ஆண்டில் மூடப்பட்டது. மண்பானைச் சோறு இன்றும் கிடைக்கிறது. அதற்காக நின்ற வண்டிதான் இல்லை.

வேகம் வந்தால் வழியிலுள்ள ஊர்கள் மறைந்துவிடும் போலும்!

நாற்பத்துநான்கு அடிக்கு ஓரடி

பொல்காவலையில் வண்டி மாறினோம். றம்புக்கனையைக் கடந்ததும் மூச்சிரைத்து ஏறத் தொடங்கிற்று நமது புகையிரதம். இந்தப் பாதை கோப்பிக்காகப் பிறந்தது. தோட்டங்களிலிருந்து மாட்டுவண்டிகளிற் கொழும்புக்கு வந்த கோப்பி மூட்டைகளை விரைந்து இறக்குமதற்கே ஆங்கிலேயர் இதனைத் திட்டமிட்டனர். 1864இல் அம்பேபுசைக்கும், 1867இற் கண்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் சென்ற தண்டவாளம், 1924இலேதான் பதுளையைத் தொட்டது. மலையுச்சிக்கு ஏற மனிதர் அறுபது ஆண்டுகள் உழைத்தனர். கடுகண்ணாவைச் சரிவிற் பாதை வெட்டிய கூலியாட்களுட் காய்ச்சலுக்குப் பலியானோர் பலர். இதற்கிடையிற் கோப்பிச் செடிகள் நோயுற்று அழிய, மலையெங்கும் தேயிலை வளர்ந்தது. கோப்பிக்குப் போட்ட பாதையில் தேயிலை இறங்கிற்று.

இப்பாதையின் கடுமையான ஏற்றம் நாற்பத்துநான்கு அடிக்கு ஓரடி. யப்பானின் மின்வேக வண்டி இதனினும் செங்குத்தான ஏற்றத்தையும் எளிதில் ஏறிவிடும். ஆனால் உயரத்தில் நாம் தோற்றவர்களல்லர். பட்டிப்பொலை நிலையத்தை அடுத்து நமது பாதை கடல்மட்டத்திலிருந்து 6,226 அடி உயரத்தை எட்டுகிறது. யப்பானிய தேசியப் புகையிரதப் பாதைகளாயிருந்து இன்று ஜே.ஆர். நிறுவனங்களிடம் உள்ளவற்றில் மிக உயர்ந்த நிலையமாகிய நோபெயாமாவோ 4,415 அடியே. அகலத்திலும் நமது தண்டவாளம் அவர்களது மின்வேகப் பாதையினும் ஒன்பதரை அங்குலம் கூடியது. இதைக் கேட்டு மருமகன் கைகொட்டி நகைத்தான்.

எல்லவைக் கடந்தால், 1921இற் கட்டி முடிந்த ஒன்பது வளைவுப் பாலம். அதற்கப்பால் தெமோதரை. அங்கே பாதை மலையைச் சுற்றி இறங்கி, தான் விட்டு நீங்கிய நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தில் நுழைகிறது. வழிதெரியாது மயங்கிய பொறியியலாளருக்கு, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டிய விதமே இந்த யுக்தியைக் காட்டிற்று என்று அப்பகுதியில் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், மலையை வெட்டிய கைகளை மறவாதிருக்க அது உதவுகிறதே!

பெட்டிக்குள்ளே வடைக்காரர் கூவிச் சென்றார். எதிரே அமர்ந்திருந்த தோட்டத்து அம்மையார் மடியிலிருந்த குழந்தையை என் மருமகனிடம் கொடுத்துவிட்டுப் பையைத் தேடினார். யன்னலுக்கு வெளியே முகிலும் தேயிலையும் கலந்து கிடந்தன.

சுத்தியலோடு நடந்த மனிதர்

அப்பொழுதுதான் மருமகன் என் தோளைத் தொட்டு வெளியே காட்டினான். தண்டவாளத்தின் ஓரத்தில், சுத்தியலைத் தோளிற் சாய்த்துக்கொண்டு தொழிலாளர் ஒருவர் வண்டி கடந்து போவதற்காக ஒதுங்கி நின்றார். நனைந்த சட்டை, காலிலே சேறு.

"மாமா, நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை இவர்தான்" என்றான் அவன். "யப்பானிலே நள்ளிரவு தொடங்கிக் காலை ஆறு மணி வரை மின்வேக வண்டி ஒன்றும் ஓடாது. அந்த ஆறு மணித்தியாலமும் பாதையைப் பார்ப்பவர்களுக்கு உரியது. வண்டி ஓடத் தொடங்கி அறுபது ஆண்டுகளாகியும், தடம்புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட மாண்டதில்லை. எல்லாரும் வேகத்தைப் புகழ்கிறார்கள். வேகத்தைத் தாங்குவது இந்தச் சுத்தியல்தான்."

நான் பேசாதிருந்தேன். நமது வடபாதையின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போன நாட்கள் நினைவில் வந்தன.

நாங்கள் திரும்பி வந்து மூன்று மாதத்தில், அவ்வாண்டு நவம்பர் இறுதியில், டித்வாப் புயல் வீசியது. மலைச்சரிவுகள் குடியிருப்புகளோடு சரிந்தன. அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலைநாட்டுப் பாதை பலவிடங்களில் மண்ணுள் மூழ்கியும் அறுந்தும் போயிற்று. அன்றிரவு தோக்கியோவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். பாலத்தையோ சுரங்கத்தையோ அவன் கேட்கவில்லை. "அந்த அம்மாவும் குழந்தையும் எந்தத் தோட்டமென்று கேளாமல் விட்டுவிட்டோமே, மாமா" என்றான். என்னிடம் விடையில்லை.

மாணவர்களே! எண்பது நிமிடத்தில் மலையேறும் வண்டியை நீங்கள் ஒருநாள் காணக்கூடும், கண்டு மகிழுங்கள். ஆனால் ஒரு பாதை அறுந்தால் எத்தனை ஊர்கள் உறவிழந்து நிற்கும் என்பதை இருபத்துநான்கு ஆண்டுகள் அறிந்தவர்கள் நாம். மலைநாட்டாரின் துயரம் நமக்கு விளங்காதிருக்க முடியாது. அங்கே செல்ல நினைப்போர் பாதையின் நிலையை நிலையத்தில் விசாரித்துச் செல்க. சென்றால், வழியில் ஒதுங்கி நிற்கும் அந்தச் சுத்தியற்காரருக்கு யன்னலிலிருந்து ஒருமுறை கையசையுங்கள்.

இன்றிரவும் கொக்குவிற் பக்கமிருந்து கூவல் கேட்கும். அது கேட்கும் வரையில், பாதையை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணி உறங்கலாம்.